காந்தி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போன சாப்பாடு

போலீஸ்காரர்களுக்கு வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஸ்டேஷனில் இறக்கிவைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். வெயிலில் யார் நிற்கிறாரோ அவர் கையில் கொடுங்கள். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, செகந்திராபாதில் எங்கள் காலனியில், இதைத் தொண்டை வறளச் சொன்னேன். கேட்டிருந்தால் ஒரு அண்டா சாம்பார் சாதம் வீணாகியிருக்காது; என் சமையலுக்கும் கெட்ட பெயர் வந்திருக்காது.

அப்போது தெலங்கானாவில் இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது. பகலிலும் காய்கறி, மருந்து வாங்க வீட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்குள்தான் போகலாம். ஹோட்டல் இல்லை, இரானி சாயாக் கடை இல்லை. ஏப்ரல் 20 முதல் ஸ்விகி, ஸொமேட்டோவையும் அரசு நிறுத்திவிட்டது. காந்தி ஆஸ்பத்திரியை முழுக்கக் கொரோனாவுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே இறந்துபோன நோயாளியின் உறவினர்கள் டாக்டர்களை அடித்துவிட்டதால் கேட்டில் போலீஸ் காவல் கூடியது. எங்கள் வீட்டிலிருந்து அது நடக்கிற தூரம்தான். அந்தத் தெருப்பக்கம் போகவே ஊர் பயந்தது. நிற்கிறவர்களுக்குக் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு பாட்டில் தண்ணீர், அவ்வளவுதான்.

காலனிக் கமிட்டியில் ஒரு பெரிய மனிதர் இருந்தார். சமைத்ததை ஸ்டேஷனில் ஒப்படைப்பதுதான் முறை, அவர்களே பிரித்துக் கொடுத்துக்கொள்வார்கள் என்றார். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். காரணம் எனக்குத் தெரியும். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஸ்டேஷன் வாசல்தான் வசதி. பதினொன்றரைக்குச் சாப்பாடு போனது, போட்டோ ஆனது, யாருக்கு, எத்தனை மணிக்குள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் திரும்பி வந்துவிட்டார். ஸ்டேஷனைக் குறை சொல்ல மாட்டேன். இருந்தவர்களில் பாதிப்பேர் தெருவில், வண்டி வேறு டியூட்டியில். பாக்கெட்டுகள் பின்னறையில் கிடந்து, வண்டி வந்து, சிக்னல் சிக்னலாகப் போய்ச் சேரும்போது மணி நாலு.

சாம்பார் சாதம் ஐந்து மணி நேரம் தாங்காது, அதுவும் ஹைதராபாத் ஏப்ரலில். சுடச்சுடப் பிளாஸ்டிக் கவரில் கட்டினால் உள்ளே வியர்த்து, பருப்பும் காயும் ஊறி, முதலில் ஒரு புளிப்பு வாடை வரும், பிறகு நூல் விடும். சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் விதைகள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பாக வைத்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சுடவைத்தாலும் போகாது. சூடான சாப்பாடு 60 டிகிரிக்குக் குறையக் கூடாது, இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். இதையெல்லாம் அன்றே சொன்னேன். மறுநாள் சிலருக்கு வயிறு சரியில்லை என்று செய்தி வந்தபோது கமிட்டி என் வீட்டுப் பக்கம் கையைக் காட்டியது. "மெட்ராஸ் அம்மா சாம்பார்" என்று ஒரு பேச்சு அடிபட்டது. ஸ்டேஷனில் வைத்துவிட்டு வந்தவர் பெயரை யாரும் எடுக்கவில்லை.

அதன் பிறகு கமிட்டியை விட்டு விலகி நானும் என் வீட்டுக்காரருமாகத் தனியாகச் செய்தோம். பாஸ் வாங்கினோம். அவர் ஆம்னி வேனை ஓட்டுவார், நான் கொடுப்பேன். காந்தி ஆஸ்பத்திரி கேட், சிலகலகூடா நாற்சந்தி, மெட்டுகூடா. ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் மார்க்கர் பேனாவால் தெலுங்கில் எழுதுவேன்: பன்னிரண்டுக்குச் சமைத்தது, இரண்டுக்குள் சாப்பிடவும். நீங்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். கொடுக்கிற இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். வாங்கி ஜீப் சீட்டில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறாரா, இல்லை முகக்கவசத்தை இறக்கிவிட்டு உட்காருகிறாரா என்று பாருங்கள். வைத்துவிட்டால் "தம்பி, இப்பவே" என்று சொல்லுங்கள். அம்மா சொன்னால் கேட்பார்கள்.

சமையல் பெரிய விஷயமே இல்லை. பெரிய குக்கர், அம்மா வீட்டு அடுக்கு, ஒரு உருளி, ஓட்ட ஒரு வண்டி. எல்லார் வீட்டிலும் இருக்கிறதுதான். ஆளுக்கு 150 கிராம் அரிசி போடுங்கள், நம் வீட்டுக் கணக்கு அவர்களுக்குப் போதாது. சோனா மசூரிப் பச்சரிசிதான். புழுங்கலரிசி இங்கே எடுபடாது. நம் சாம்பாரும் வேண்டாம். ஒரு ஹெட் கான்ஸ்டபிள், "ரேபு கொஞ்செம் பப்பு தெண்டி, அம்மா" (நாளைக்குக் கொஞ்சம் பருப்பு கொண்டுவாருங்கள்) என்று கூச்சத்தோடு கேட்டார். அன்றிலிருந்து மாங்காய்ப் பப்பு, தோசக்காய்ப் பப்பு, கோங்குரா, ஓரத்தில் ஆவக்காய். பப்பை மூடிபோட்ட தூக்கில் சூடாகவே கொண்டுபோய் அங்கேயே ஊற்றுவேன். நியூஸ்பேப்பரில் மட்டும் எதையும் கட்டாதீர்கள். அச்சு மை சாப்பாட்டில் ஏறும், 2018 விதிகளிலேயே அதற்குத் தடை.

எது தங்கும் என்று கேட்டால் புளியோதரை, தயிர்சாதம். புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த சாதத்தைக் கிருமி சுலபமாக அண்டாது. ஆனால் அலுமினியப் பாத்திரத்தில் போடாதீர்கள். தயிர்சாதத்துக்கு இங்கே பலர் புளித்த தயிரை அள்ளிக் கொட்டிவிட்டு, மத்தியானத்துக்குள் நாக்கு கூசுகிறதே என்கிறார்கள். 1 கிலோ அரிசியைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, காய்ச்சி ஆறவைத்த 2 லிட்டர் பாலை ஊற்றிக் கிளறுங்கள். கை வைத்துப் பார்த்து இளஞ்சூடு என்று தெரிந்தபின் ஒரே ஒரு குழிக்கரண்டி தயிர். உப்பு கடைசியில். கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, மேலே மாங்காயைத் துருவிப் போடுங்கள். காலையில் பாலாக இருப்பது மத்தியானம் அவர்கள் திறக்கும்போது அப்போதுதான் உறைந்த தயிராக இருக்கும்.

சனிக்கிழமை முட்டைகூடச் சேர்க்காதவர்கள் பலர், வேங்கடேசுவரருக்கு. அந்த வருஷம் ரம்ஜான் நோன்பு ஏப்ரல் 25 தொடங்கியது. நோன்பிருப்பவர் யார் என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டு, அவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டை நீட்டாமல், மாலையில் பேரீச்சம்பழமும் தர்பூசணியும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஹோம்கார்டுகளை முதலில் கவனியுங்கள். அதே காக்கி, அதே வெயில், ஆனால் நாள்கூலி. சாப்பாட்டுக்கு ஆள் கணக்கு எடுக்கும்போது அவர்கள்தான் விட்டுப்போகிறார்கள். எடுக்கிறவர்களுக்கு வேறுபாடே தெரிவதில்லை. நான் வண்டியை நிறுத்தியதும் அவர்களைத்தான் முதலில் கூப்பிடுவேன், எஸ்.ஐ. பக்கத்தில் நின்றாலும்.

பெண் கான்ஸ்டபிள்கள் விஷயம் வேறு. மோர் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு மூடிவைத்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒரு பெண் ஒன்றும் சொல்லாமல் மூடிய கடைகளைக் காட்டினாள். ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் நின்றிருக்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளக் குளியலறையைத் திறந்துவிட்டு, சோப்பும் வாளியும் வைத்து, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தேன். சாப்பாட்டைவிட அது முக்கியம், இப்போதும் சொல்கிறேன். கமிட்டி ஆட்சேபித்தது. மே மாதம் நகரத்தில் ஒரு கான்ஸ்டபிள் கொரோனாவில் இறந்தார், மாநிலப் போலீசில் முதல் மரணம் அது. உடனே என்னை வீட்டோடு இருக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். குளியலறையை மூடவில்லை. ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தினம் நானே கழுவினேன்.

போலீசைக் கைக்குள் போட்டுக்கொள்ளத்தான் இந்த அம்மா சமைக்கிறாள் என்றும் பேசினார்கள். உங்கள் பெயரில் கேஸோ, இடத்தகராறோ இருந்தால் இந்த வேலையில் இறங்காதீர்கள். வாங்குகிற போலீஸ்காரருக்கும் சங்கடம். எனக்கு எதுவும் இல்லை, அதனால் செய்தேன். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டவரும் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதுதான். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் லாபமில்லாமல் செய்வதையும் உணவுத் தொழிலாகவே கணக்கில் எடுக்கிறது. தொடர்ந்து செய்வதாக இருந்தால் சிறுதொழிலுக்கான பதிவை எடுத்துவிடுங்கள். நான் எடுத்தபோது வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டணம். அதைச் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

2021 மே 12-ல் இரண்டாவது ஊரடங்கு வந்தபோது காலை 6 முதல் 10 வரைதான் கடை. பத்துக்கு மேல் வெயிலும் தடுப்பும் ஒன்றாக ஏறும். பழக்கப்பட்டுவிட்டதால் அது சுலபமாகவே போனது.

இப்போது பந்தோபஸ்து நாட்களில் மட்டும் செய்கிறேன். ஆஷாடத்தில் உஜ்ஜயினி மகாகாளி கோயில் போனாலு திருவிழாவுக்கு விடியற்காலையிலிருந்தே ஆட்கள் நிற்பார்கள். ஊரெல்லாம் வீட்டில் கறிச்சோறு சாப்பிடுகிற ஞாயிறு அது. விநாயகர் கரைப்பு அதைவிடக் கஷ்டம். டேங்க் பண்ட் ஊர்வலம் அன்றிரவு முழுக்க ஓடி மறுநாளும் நீளும். வேறு மாவட்டங்களிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களுக்கு இங்கே ஒரு கடைகூடத் தெரியாது. ராத்திரிக்குத் தயிர்சாதம் வேண்டாம், தூக்கம் சொக்கும். ரவா உப்புமா, மிளகு தட்டிப் போட்டு, கூடப் பிளாஸ்கில் இஞ்சி டீ. நடுராத்திரிக்குக் கொடுங்கள், ஏழு மணிக்கே கொடுத்தால் பயனில்லை.

போன வருஷம் அந்தக் கமிட்டிக்காரர் வந்து, வண்டியில் காலனி பெயர் போட்ட பேனர் ஒன்று கட்டிக்கொள்ளலாமா என்றார். முடியாது என்றேன். இந்த வருஷமும் கேட்டார். அடுத்த வருஷம் கேட்டாலும் அதுவே பதில்.