சுண்ணாம்புக் குன்றுகளின் நடைபாதைகள்: ஊராட்சிகளுக்கு ஒரு பாடம்

ஓர் ஊரின் செல்வம் அதன் நிலமும் நீரும் கால்நடையும் மட்டுமன்று. அவ்வூரின் பாதைகளும் செல்வமே ஆகும். சந்தைக்கும் கோயிலுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் முன்னோர் நடந்து நடந்து உண்டாக்கிய பாதை, ஒருவர் வேலியடைத்த ஒரே நாளில் மறைந்துபோவதை நம்மில் பலர் கண்டிருப்போம். தனியார் நிலத்தின் ஊடே செல்லும் பாதை யாருடையது? அதனைக் காக்க வேண்டியவர் யார்? நடப்போரால் குடியானவருக்குக் கேடு நேரின் அதற்கு வழி என்ன? இவ்வினாக்களுக்கு இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்கள் கண்ட விடையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நிலத்தின் இயல்பு

வட இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் டேல்ஸ் எனப்படும் பள்ளத்தாக்குப் பகுதி உள்ளது. சுண்ணாம்புக்கல் குன்றுகளும், ஆட்டு மந்தைகள் மேயும் புல்வெளிகளும், சாந்து பூசாமல் அடுக்கிய கல் மதில்களும் நிறைந்தது அது. மால்ஹம் என்னும் சிற்றூருக்கு அருகே ஏறத்தாழ 80 மீட்டர் உயரமுள்ள வெண்பாறைச் சுவர் ஒன்று வளைந்து நிற்கிறது. அதன் உச்சியில், தளவரிசை பாவியதுபோல் வெடிப்புகள் ஓடிய பாறைத்தளம் பரந்து கிடக்கிறது. காற்றும் ஆடும் எட்டாத அவ்வெடிப்புகளுக்குள் காட்டு நிழலில் வளரத்தக்க பெரணிகள் தழைக்கின்றன. கிராசிங்டன் ஊரை அடுத்து, சுண்ணாம்பு நிலத்தில் வளர்ந்த ஆஷ் மரக்காடு உண்டு. இக்காடுகளையும் குன்றுகளையும் கண்டு நடந்து செல்வதற்கென்றே ஆண்டுதோறும் மக்கள் திரளாக வருகின்றனர்.

இப்பகுதி 1954-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் நிலத்தின் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமானதன்று. குடியானவர்களுக்கும் பிற தனியாருக்கும் உரியது. மக்கள் நடக்கும் பாதைகள் இவர்களது புல்வெளிகளின் ஊடேயே செல்கின்றன. நாம் கருத்தூன்றிக் காண வேண்டியது இதுவே.

பதிவே முதற்படி

1949-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறப் பாதைகளுக்குமான சட்டம் நிறைவேறிற்று. அதன்படி ஒவ்வொரு மாவட்ட மன்றமும் பொதுப் பாதைகள் அனைத்தையும் காட்டும் வரைபடம் ஒன்றைத் தயாரிக்க வேண்டியதாயிற்று. இதற்கான செய்திகளைத் திரட்டுவதில் நம் ஊராட்சிகளைப் போன்ற சிற்றூர் மன்றங்கள் பங்கு கொண்டன. எந்தப் பாதை எந்த வயலில் தொடங்கி எந்த மதிலைக் கடந்து எங்கே முடிகிறது என்பதை அறிந்தவர் உள்ளூரார் அன்றோ? இவ்வாறு வரைபடத்தில் ஏறிய பாதை, வழக்கு மன்றத்தில் வேறு சான்று தேவைப்படாத பொதுப் பாதையாக நிலைபெற்றது. நிலம் கைமாறினாலும் பாதையுரிமை மாறுவதில்லை.

பதிவில் விட்டுப்போன பாதைகளின் கதை வேறு. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பதிவாகாத பழம்பாதைகளின் உரிமை 2026 சனவரி முதல் நாளில் அற்றுப்போகும் என நாள் குறித்தது. அந்நாள் 2023-இல், 2031-ஆம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அவ்வாறு நாள் குறிப்பதையே கைவிடப் போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. ஒரு தலைமுறை எழுதாமல் விட்ட பிழையைத் திருத்த அடுத்த இரு தலைமுறைகள் பாடுபட நேர்ந்தமை காண்க.

உரிமையும் கடமையும்

பாதையுரிமை என்பது நடந்து செல்லும் உரிமை மட்டுமே. நிலம் உடையவருடையதே, மண்ணும் புல்லும் அவருடையனவே. பாதையை விட்டு விலகி வயலில் திரிய அவ்வுரிமை இடங்கொடாது. ஆடுகளை நாய் துரத்திக் கலைப்பது 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். நாயின் உரிமையாளர் அதற்குப் பொறுப்பாவார்.

குடியானவரின் கடமைகளும் ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கப்பட்டுள்ளன. 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டமும் 1990-ஆம் ஆண்டு பாதையுரிமைச் சட்டமும் கூறுவன வருமாறு:

1. வயலின் நடுவே செல்லும் நடைபாதையை, வசதியாகத் தவிர்க்க இயலாதபோது, உழலாம். முதல் உழவுக்குப் பின் 14 நாட்களுக்குள்ளும், தொடர்ந்து செய்யும் வேலைகளுக்குப் பின் 24 மணி நேரத்துக்குள்ளும் அதைச் சீராக்கித் தர வேண்டும்.

2. வயல் ஓரமாகச் செல்லும் பாதையை உழுதலாகாது.

3. பயிர் வளர்ந்து பாதையை மூட விடலாகாது. சீராக்கும் பாதையின் அகலம் வயல் நடுவே குறைந்தது 1 மீட்டர் இருத்தல் வேண்டும்.

4. மதில்களில் ஆள் ஏறிக் கடக்கவும் ஆடு கடவாதிருக்கவும் அமைத்த கடவைகளை நிலவுடைமையாளர் பேண வேண்டும். அச்செலவில் கால் பங்குக்குக் குறையாமல் பாதைகளுக்குப் பொறுப்பான மன்றம் தர வேண்டும்.

நான்காவது விதியை ஊராட்சி உறுப்பினர்கள் ஊன்றி நோக்குவார்களாக. பொது மக்களின் நன்மைக்காக ஒருவர் தோளில் சுமை ஏற்றும்போது, அச்சுமையில் ஒரு பங்கைப் பொதுப் பணமும் தாங்க வேண்டும் என்னும் நீதி அதில் அடங்கியுள்ளது. சிற்றூர் மன்றங்கள் தாமே முன்வந்து நடைபாதைகளைச் செப்பனிடவும் சட்டம் இடமளிக்கிறது.

சுண்ணாம்பு நிலத்தில் தனிக் கவனம்

சுண்ணாம்புப் பாறை நீரைத் தேக்காது; வெடிப்புகளின் வழியே விழுங்கிவிடும். இங்கல்பரோ மலைச்சரிவில் ஓர் ஓடை, கேப்பிங் கில் என்னும் குழிக்குள் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழம் வீழ்ந்து, நிலத்தடியே ஓடிக் கிளாப்பம் ஊருக்கு மேலே குகைவாயிலில் வெளிப்படுகிறது. மணலில் ஊறும் நீர் வடிகட்டப்படுவதுபோல் இந்நீர் வடிகட்டப்படுவதில்லை. மேட்டில் விட்ட அழுக்கு கீழுள்ள ஊற்றில் வந்து சேரும். ஆகவே அங்குக் கழிப்பிட வசதியும் குப்பை அகற்றலும் ஊரின் நீர் நலத்தோடு பிணைந்தவை.

வீட்டுத் தோட்டங்களை அழகு செய்வதற்காகப் பாறைத்தளங்களை வெட்டி விற்கும் வழக்கம் அங்குப் பரவியிருந்தது. பல ஆயிரம் ஆண்டுகளில் உருவான தளம் சில நாட்களில் அழிந்தது. 1981-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைக் காக்கும் ஆணைகளுக்கு வழிசெய்தது. மக்கள் நடையாலும் கேடு உண்டு. குன்றுச்சிகளில் ஈரமான கரிமண் மிதிபட்டுச் சேறாகி, பாதை ஆண்டுக்காண்டு அகலும். 1965-இல் மால்ஹம் மேட்டில் திறந்துவைக்கப்பட்ட ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நீளமுள்ள பென்னைன் நெடும்பாதையில், மூடப்பட்ட பஞ்சாலைகளின் தரைக்கற்களைக் கொணர்ந்து பல இடங்களில் பாவியுள்ளனர். காலடி கல்லின்மேல் நின்றதால் இருபுறமும் புல் மீண்டும் தழைத்தது.

பயன் யாருக்கு?

வயலில் பாதையைச் சுமப்பவர் ஒருவர், தேநீர் விற்று இலாபம் பெறுபவர் வேறொருவர் என்னும் குறை அங்கும் உண்டு. அது நியாயமான குறையே. ஆயினும் பல குடியானவர்கள் தம் வீட்டிலேயே நடையாளர்க்குப் படுக்கையும் காலை உணவும் அளித்தும், பழைய தொழுவங்களைத் தங்குமிடமாக்கியும் வருவாயில் பங்கு பெறுகின்றனர்.

இதன் மதிப்பு 2001-ஆம் ஆண்டில் தெரிந்தது. கால்நடைகளைத் தாக்கும் கோமாரி நோய் பிரிட்டனில் பரவியபோது, நோய் பரவாதிருக்கப் பாதைகள் மூடப்பட்டன. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. மந்தையை இழந்த குடியானவர் அரசிடம் ஈடு பெற்றார். பாதை மூடியதால் வருவாய் இழந்த விடுதிக்காரருக்கும் கடைக்காரருக்கும் அத்தகைய ஈடு கிட்டவில்லை. உழவும் பாதையும் ஒரே ஊரின் இரு கைகள் என்பதை அவ்வாண்டு யாவரும் உணர்ந்தனர்.

நாம் செய்யத் தக்கவை

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, சிற்றூர்களின் பொதுச் சாலைகளை ஊராட்சியின் பொறுப்பில் வைத்துள்ளது. ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் கிராம நிர்வாக அலுவலருடன் புல வரைபடத்தைக் கையில் கொண்டு ஊரை ஒருமுறை நடந்து வருதல் நன்று. வரைபடத்தில் உள்ள வண்டிப்பாதையும் நடைபாதையும் தரையில் உள்ளனவா, தரையில் உள்ளவை வரைபடத்தில் ஏறியுள்ளனவா என ஒப்பிட்டுப் பார்த்துப் பட்டியல் எழுதுக. முதியோர் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்க. பாதை செல்லும் நிலத்தின் உடைமையாளரையும் அழைத்து, அவர் குறைகளையும் கேட்டு, கிராம சபையில் அப்பட்டியலைப் படித்துக் காட்டுக. தகராறு எழுந்த பின் சான்று தேடுவதினும், அமைதியான காலத்தில் எழுதி வைப்பது எளிது, செலவும் குறைவு.