வானத்து வழிப்படம்

1918ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டனில் மக்கள் திரளாகக் கூடியிருந்தனர். குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனும் அங்கு வந்திருந்தார். கடிதங்களை ஒழுங்காக விமானத்தில் ஏற்றி அனுப்பும் முறை அன்றுதான் அந்நாட்டில் தொடங்கிற்று. அஞ்சற்பைகளோடு எழுந்த விமானம் வடகிழக்கிலுள்ள பிலடெல்பியாவுக்குச் செல்ல வேண்டும். விமானி கீழே தெரிந்த இருப்புப்பாதையைத் துணையாகக் கொண்டு பறந்தார். ஆனால் அவர் பின்பற்றிய பாதை வேறொன்று. செல்ல வேண்டிய திசைக்கு மாறாகத் தெற்கே சென்று, வால்டார்ப் என்னும் சிற்றூரின் அருகே அவர் இறங்கினார், விமானமும் பழுதுற்றது. விமானிக்குத் துணிவு இருந்தது. விமானத்திற்கு வலிமை இருந்தது. வானத்திற்கு ஏற்ற வழிப்படந்தான் இல்லை.

அக்காலத்து விமானிகள் பலர், தரையில் செல்வோருக்காக அச்சிட்ட சாலைப் படங்களையே கையில் வைத்திருந்தனர். சாலைப் படம் ஊர்களைக் காட்டும், வழிகளைக் காட்டும். ஆனால் மலை எத்துணை உயரமுடையது என்பதையோ, கோபுரம் எங்கே நிற்கிறது என்பதையோ அது கூறாது. தரையில் செல்பவனுக்கு அச்செய்திகள் வேண்டா. வானில் செல்பவனுக்கோ அவையே உயிர்.

இக்குறையை நன்கு உணர்ந்தவர் எல்ரி ஜெப்பெசன் என்னும் அஞ்சல் விமானி. மேற்கு மலைப்பகுதிகளில் மூடுபனியிலும் இருளிலும் உடன் பணிபுரிந்தோர் பலர் உயிரிழந்ததை அவர் கண்டார். எனவே 10 செண்டு விலையுள்ள சிறு குறிப்பேடு ஒன்றை வாங்கி, தாம் பறந்த வழிகளிலுள்ள குன்றுகளின் உயரம், இறங்குவதற்குரிய வெளிகளின் நீளம் முதலியவற்றை எழுதி வந்தார். ஓய்வு நாட்களில் உயரமானியுடன் குன்றுகளின்மேல் ஏறி அளந்தார். வானிலையை அறிவிக்கக்கூடிய உழவர்களின் தொலைபேசி எண்களையும் குறித்துக்கொண்டார். மற்ற விமானிகள் அக்குறிப்புகளை விரும்பிக் கேட்கவே, 1934இல் அவற்றை அச்சிட்டு விற்கலானார்.

விமானங்கள் நாடு விட்டு நாடு செல்லத் தொடங்கியபின், எல்லா நாட்டினருக்கும் பொருந்தும் குறியீடுகள் தேவைப்பட்டன. 1944இல் சிகாகோ நகரில் 52 நாடுகள் வான்போக்குவரத்து உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன் வழியாக, வான்வழிப் படங்களுக்குரிய பொது விதிகள் 1948இல் ஏற்றுக்கொள்ளப்பட்டன.

படத்தில் பொருள்களை உள்ளவாறே வரையாமல் குறியீடுகளால் காட்டுவது ஏன்? அமெரிக்காவில் சிறு விமானங்களை ஓட்டுவோர் பயன்படுத்தும் பகுதிப் படத்தின் அளவு ஐந்து இலட்சத்தில் ஒன்று. அதாவது, படத்தில் ஓரங்குலம் தரையில் ஏறத்தாழ 8 மைல். இவ்வளவின்படி வரைந்தால் 4,000 அடி நீளமுள்ள ஓடுபாதை, ஓரங்குலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது. கோபுரமோ கண்ணுக்கே புலப்படாது. விமானியின் உயிருக்கு இன்றியமையாதவை இவ்வாறு மறைந்துபோகாவண்ணம் குறியீடுகள் காக்கின்றன.

விமான நிலையத்தைப் பெரும்பாலும் ஒரு வட்டம் குறிக்கும். அதனுள் உள்ள கோடுகள் ஓடுபாதைகள் செல்லும் திசையைக் காட்டும். வட்டம் நீல நிறமாயின் அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் உண்டு. ஊதா கலந்த சிவப்பாயின் இல்லை. வட்டத்தைச் சுற்றிச் சிறு பற்கள் இருப்பின் எரிபொருள் கிடைக்கும். மேலே ஒரு விண்மீன் இருப்பின் இரவில் சுழல்விளக்கு ஒளிரும். நிறத்தைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். சிவப்பு விளக்கொளியில் வெண்தாளிலுள்ள சிவப்பு மை கண்ணுக்கு மறைந்துவிடும். ஊதா கலந்த நிறம் அவ்வாறு மறையாது.

உயர்ந்த கோபுரத்தைக் குறிக்கும் கூர்நுனிக் குறியின் அருகே இரண்டு எண்கள் இருக்கும். மேலே தடித்த எழுத்தில் 2,049 என்றும், கீழே அடைப்புக்குறிக்குள் 1,149 என்றும் இருப்பதாகக் கொள்வோம். முன்னது கோபுர முனை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது. பின்னது தரையிலிருந்து எவ்வளவு என்பது. எனவே அவ்விடத்துத் தரை கடல் மட்டத்திற்கு மேல் 900 அடியில் உள்ளது. விமானத்தின் உயரமானி கடல் மட்டத்தை அடிப்படையாகக் கொண்டே உயரத்தைக் காட்டுமாறு அமைக்கப்படுகிறது. எண்களை மாற்றி நினைத்து, 1,149 அடி கடந்தாயிற்று என மகிழ்பவன், கோபுர முனைக்கு 900 அடி தாழ்ந்து பறப்பான்! கோபுரத்தைத் தாங்கும் இழுகம்பிகள் சில இடங்களில் 1,500 அடி தொலைவுவரை பரந்திருக்கும். அவை எளிதில் கண்ணுக்குத் தெரியா. ஆதலின் 2,000 அடியேனும் விலகிச் செல்லுமாறு விமானிகள் அறிவுறுத்தப்படுகின்றனர்.

நிலத்தின் ஏற்றத்தாழ்வை நிறங்களும் சமஉயரக் கோடுகளும் காட்டும். தாழ்நிலம் பசுமையாகவும் உயர்நிலம் பழுப்பாகவும் இருக்கும். படம் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெரிய எண்ணும் அதனை ஒட்டி ஒரு சிறிய எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். பெரிய 12உம் சிறிய 5உம் சேர்ந்தால் 12,500 அடி. அக்கட்டத்திலுள்ள மிக உயர்ந்த மலை அல்லது தடையின் உயரத்தைச் சற்றே கூட்டி எழுதிய எண் அது. அதனைப் பாதுகாப்பான உயரம் என்று எண்ணுதல் பிழை. அதற்கும் மேலே போதிய இடைவெளி விட்டே பறத்தல் வேண்டும்.

காந்த ஊசி மெய்யான வடக்கினின்று எத்துணைப் பாகை விலகும் என்பதை விட்டுவிட்டு வரைந்த கோடுகள் கூறும். 10 பாகை விலக்கத்தைக் கருதாதவன் 60 மைல் பறந்தபின் ஏறத்தாழ 10 மைல் அப்பால் நிற்பான். பறக்கக் கூடாத வான்வெளியை உட்புறம் கீற்றிட்ட நீல எல்லை காட்டும். வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு மேலுள்ள வான்வெளி இத்தகையது.

இப்படங்கள் ஒருமுறை கற்றால் போதும் என்னும் தன்மையன அல்ல. நேற்று வெற்றிடமாயிருந்த இடத்தில் இன்று கோபுரம் எழலாம், ஓடுபாதை மூடப்படலாம். எனவே அமெரிக்கப் பகுதிப் படங்கள் 56 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. காலங்கடந்த படம் பொய் வழிகாட்டிக்கு ஒப்பாகும். இன்று தாளுக்கு மாற்றாக மின்னணுத் திரைகள் வந்துள்ளன. ஆயினும் குறியீடுகளைக் கற்கும் கடமை விமானியை விட்டு நீங்கவில்லை.

படத்திலுள்ள ஒவ்வொரு சிறு புள்ளியும் யாரோ ஒருவர் அளந்து, ஆராய்ந்து, பிறர் நலங்கருதிப் பதித்த செய்தியாகும். அதனைப் பிழையின்றிப் படிப்பவரே தம்மை நம்பி ஏறியோரை நலமுடன் தரை சேர்ப்பர்.