தராசு சொல்லாத செய்தி

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவன் ஒருவன் இருக்கிறான். கபடியில் ஆர்வம் உடையவன். நண்பர்கள் "தடியன்" என்று கேலி செய்ததைத் தாங்கமாட்டாமல், எடையைக் குறைத்தே தீருவது என்று ஒருநாள் முடிவு செய்தான். இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை. தண்ணீரும் அதிகம் குடிக்கவில்லை. 66 கிலோகிராம் காட்டிய எடைப்பொறி 64 காட்டியது. அவனுக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் மூன்றாம் நாள் காலை, இறைவணக்கக் கூட்டத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். வீட்டார் உணவும் நீரும் கொடுத்துத் தேற்றினர். இரண்டொரு நாளில் எடைப்பொறி மீண்டும் 66 காட்டியது!

பிறகு பட்டினியைக் கைவிட்டான். மூன்று வேளையும் உண்டான், நொறுக்குத் தீனியைக் குறைத்தான், மாலைதோறும் விளையாடினான். மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்தபோது அவன் முகம் வாடியிருந்தது. "அதே 66தான் சார். எல்லாம் வீண்" என்றான்.

"உன் அரைஞாண் கயிறு எப்படி இருக்கிறது, தம்பி?" என்று கேட்டேன்.

"தளர்ந்துவிட்டது சார். அம்மா இரண்டு முறை முடிச்சை மாற்றிப் போட்டார்கள்" என்றான்.

மாணவர்களே, இதில் இரண்டு புதிர்கள் உள்ளன. இரண்டே நாளில் 2 கிலோகிராம் எங்கே போயிற்று? மூன்று மாத உழைப்பிற்குப் பின் எடை ஏன் மாறவில்லை? இரண்டிற்கும் பௌதிகம் விடை தரும்.

முதல் புதிர்

ஒரு கிலோகிராம் கொழுப்புத் திசுவில் சுமார் 7,700 கிலோகலோரி ஆற்றல் அடங்கியுள்ளது. இம்மாணவனின் உடல் நாள் ஒன்றுக்குச் சுமார் 2,400 கிலோகலோரி செலவிடுவதாகக் கொள்வோம். இரண்டு நாளில் 4,800. அவன் ஒன்றுமே உண்ணாமல், அவ்வளவு ஆற்றலையும் கொழுப்பிலிருந்தே பெற்றிருந்தாலும், கரையக்கூடிய கொழுப்பு 4,800 ÷ 7,700, அதாவது சுமார் 0.6 கிலோகிராம்தான். மீதி 1.4 கிலோகிராம் கொழுப்பாக இருக்கவே முடியாது.

அதில் பெரும்பகுதி நீர். ஒரு லிட்டர் நீரின் நிறை ஒரு கிலோகிராம் என்பது நீங்கள் அறிந்ததே. மேலும், கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்திருக்கும். பட்டினி கிடந்தால் முதலில் செலவாவது இதுவே. அதனோடு நீரும் வெளியேறும். குடலில் உள்ள உணவும் குறையும். உண்டு குடித்ததும் இவை யாவும் திரும்பி வந்துவிடும். எடைப்பொறி பொய் சொல்லவில்லை. ஆனால் நீர், உணவு, எலும்பு, தசை, கொழுப்பு என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. நாம் கேட்ட கேள்வி ஒன்று. அது சொன்ன பதில் வேறு.

இரண்டாம் புதிர்

இங்கே நமக்கு உதவுவது அடர்த்தி. கொழுப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 0.90 கிராம், தசையின் அடர்த்தி சுமார் 1.06 கிராம். எனவே ஒரு கிலோகிராம் கொழுப்பு ஏறத்தாழ 1,110 க.செ.மீ. இடத்தை அடைக்கும், ஒரு கிலோகிராம் தசைக்கு 943 க.செ.மீ. போதும். கொழுப்பு குறைந்து அதே அளவு தசை கூடினால் தராசின் முள் அசையாது. ஆனால் உடலின் பருமன் குறையும்.

அம்மாணவன் தன் இடுப்பளவை 84 செ.மீ. என்று முன்பே குறித்து வைத்திருந்தான். இப்போது அளந்தோம்: 80 செ.மீ. இடுப்பை ஓர் உருளையாகக் கொள்வோம். சுற்றளவின் வர்க்கத்தை (4 × 3.14) ஆல் வகுத்தால் குறுக்குவெட்டுப் பரப்பு கிடைக்கும். முன்பு 562 ச.செ.மீ.; இப்போது 510 ச.செ.மீ. வேறுபாடு 52 ச.செ.மீ. உருளையின் உயரம் 15 செ.மீ. எனில் கனஅளவில் குறைந்தது 780 க.செ.மீ. அது முழுவதும் கொழுப்பு என்றால் நிறை சுமார் 700 கிராம். சுற்றளவு 5 சதவீதமே குறைந்திருக்க, பரப்பு ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்திருப்பதைக் கவனியுங்கள். இடுப்பு உண்மையில் சரியான உருளை அன்று. ஆகவே இது தோராயமான கணக்கே. ஆனாலும் உழைப்பு வீணாகவில்லை என்பதற்கு இது போதும்.

அப்படியானால் எடை ஏன் 66லேயே நின்றது? தசை வளர்ந்திருக்கும். அத்துடன் அவன் உயரமும் ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தது. வளரும் பருவத்தில் எலும்பும் தசையும் கூடுவதால் எடை ஏறுவதே இயல்பு.

ஆர்க்கிமிடீஸ் காட்டிய வழி

1942ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பெங்கியும் அவர் குழுவினரும், அமெரிக்கக் கால்பந்து ஆடும் தொழில்முறை வீரர்கள் 25 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். உயரம்-எடை அட்டவணைப்படி அவர்களுள் 17 பேர் படையில் சேரத் தகுதியற்ற அளவுக்கு எடை மிகுந்தவர்கள்! ஆய்வாளர்கள் அவர்களைக் காற்றிலும் நீருக்குள்ளும் எடை போட்டு, ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி உடலின் அடர்த்தியைக் கண்டனர். அந்த 17 பேருள் பெரும்பாலோர்க்கு அடர்த்தி உயர்ந்திருந்தது. மிகுதியாக இருந்தது கொழுப்பு அன்று, தசையே என்பது விளங்கிற்று.

கொழுப்பின் அடர்த்தி 0.9, உடலின் பிற பகுதிகளின் சராசரி அடர்த்தி 1.1 என்று கொண்டால், பின்வரும் வாய்பாட்டை நீங்களே தருவிக்கலாம்:

கொழுப்பின் பங்கு = (4.95 ÷ உடலின் அடர்த்தி) − 4.5

இது வளர்ந்தவர்களுக்கு உரியது. உங்கள் எலும்புகள் இன்னும் முதிர்ந்து வருவதால் 1.1 என்னும் எண் உங்களுக்கு அப்படியே பொருந்தாது.

செய்து பாருங்கள்

1. தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நாடா நீண்டிருக்கலாம். இரும்பு அளவுகோலுடன் ஒப்பிட்டுச் சரிபாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சு விட்டதும் அளவிடுங்கள். மூன்று முறை அளந்து சராசரி காணுங்கள். மாதம் ஒருமுறை போதும். இடுப்பளவு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருப்பது நலம்.

2. ஒரே படியில், ஒரே வேகத்தில், மூன்று நிமிடம் ஏறி இறங்குங்கள். உடனே உட்கார்ந்து ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுங்கள். வாரங்கள் செல்லச் செல்ல எண்ணிக்கை குறைந்தால், உங்கள் இதயம் ஒரு துடிப்பில் முன்னைவிட அதிக வேலை செய்கிறது என்று பொருள். இதயநோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதைச் செய்யவேண்டா.

ஒன்றை மறவாதீர்கள். வளரும் உடலைப் பட்டினி போடுவது வீட்டின் தூணை வெட்டி அடுப்பெரிப்பது போன்றது. எடை பற்றிக் கவலை இருந்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் காணுங்கள். கேலி செய்பவனிடம் அளவுகோல் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

சிந்திக்க

1. அரை லிட்டர் நீர் குடித்தவுடன் எடைப்பொறியில் ஏறினால் எவ்வளவு கூடும்? அது கொழுப்பா?

2. வளர்ந்த ஒருவரின் உடலின் அடர்த்தி 1.05 எனில் கொழுப்பின் பங்கு என்ன? (விடை: சுமார் 21 சதவீதம்)

3. நீருக்குள் எடை போடும்போது நுரையீரலில் எஞ்சியிருக்கும் காற்றின் கனஅளவைக் கழிக்க மறந்தால், கொழுப்பின் பங்கு கூடுதலாகத் தெரியுமா, குறைவாகத் தெரியுமா? காரணம் கூறுக.