வாயில் குஞ்சு சுமக்கும் ஜிலேபிக் கெண்டை

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையார் ஆனைமலைப் பக்கத்துக் குளமொன்றிலிருந்து உயிருள்ள மீன் ஒன்றை வாளியில் கொண்டுவந்து தந்தார். ஆய்வுக்கூடத்தில் தொட்டிக்கு மாற்றும்போது அது வாயிலிருந்து பொடிப்பொடியாகக் குஞ்சுகளைத் துப்பியது. "ஐயோ, தன் குஞ்சுகளையே தின்றுவிட்டதே!" என்று அலறினோம். "தின்னவில்லை, காப்பாற்றிக்கொண்டிருக்கிறது" என்று சிஸ்டர் சிரித்தார்கள்.

அதுதான் ஜிலேபிக் கெண்டை. பெயரில் கெண்டை இருந்தாலும் கெண்டை இனமன்று. திலேப்பியா எனப்படும் ஆப்பிரிக்க மீன். மொசாம்பிக் நாட்டு மீனாக 1852-இல் ஜெர்மானியரான பீட்டர்ஸ் இதை விவரித்தார். சரியாக நூறாண்டு கழித்து, 1952-இல், உணவுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

சந்தையில் வாங்கிய ரோகு மீனை அருகில் வைத்து ஒப்பிட்டோம். ரோகுவின் முதுகுத் துடுப்பு மென்மையானது. இதன் துடுப்பிலோ முன்பக்கம் 15 முதல் 17 வரை கூரிய முட்கள். எண்ணியவளின் விரலில் இரத்தமே வந்துவிட்டது! ரோகுவின் பக்கக்கோடு செவுளிலிருந்து வால்வரை ஒரே கோடு. இதற்கு அது நடுவில் அறுந்து, கீழே மறுபடி தொடங்குகிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீன் கறுத்து, தொண்டை வெளுத்து, துடுப்போரம் சிவந்திருக்குமாம்.

ஆண்மீன் குளத்தடியில் தட்டுப்போல் குழி பறிக்கும். பெண்மீன் அதில் முட்டையிட்டு, உடனே வாயில் அள்ளிக்கொள்ளும். குஞ்சு பொரித்து நீந்தும்வரை ஏறக்குறைய பட்டினிதான். வெளியே விட்ட பிறகும் ஆபத்தென்றால் குஞ்சுகள் தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும். ரோகு இலட்சக்கணக்கில் முட்டையிட்டு விட்டுப்போகிறது. இது சில நூறே இட்டாலும் பெரும்பாலானவை பிழைக்கின்றன. கூட்டம் பெருகினால் உடல் வளராமலே, உள்ளங்கைக்கும் சிறிதாக இருக்கும்போதே முட்டையிடத் தொடங்கிவிடும். அமராவதி அணையில் இதுவே மற்ற மீன்களை மிஞ்சிப் பெருகியது. 1959-லேயே இதைப் புதிய நீர்நிலைகளில் விடுவதற்குத் தடை சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆப்பிரிக்காவில் இதன் சொந்த ஆறுகளிலேயே, வெளியிலிருந்து வந்த நைல் திலேப்பியாவோடு கலந்து தூய இனம் குறைந்துவருகிறது.

குஞ்சுகளைத் தேயிலைத் தோட்டத்து ஓடையில் விட்டுவிடலாம் என்றோம். சிஸ்டர் ஒப்பவில்லை. அந்த ஓடையில் பாறையில் ஒட்டி வாழும் சின்ன மீன்களுக்குப் போக வேறிடமில்லை என்றார்கள். குஞ்சுகள் இன்னும் தொட்டியில்தான் இருக்கின்றன. பெருவிரல் நீளம் வந்துவிட்டது. இன்னொரு தொட்டி கேட்டிருக்கிறோம்.