பொருந்துவதெல்லாம் பொருத்தமல்ல

அன்பு மருமகனுக்கு,

பினாங்கு கொம்தாரில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு பார்த்து வைத்திருக்கிறாய். உன் 550 வாட் பவர் சப்ளையே போதும் என்று கடையிலும் சொல்லிவிட்டார்கள். ஆனால், அந்த மின்சாரம் எந்த கேபிள் வழியாகக் கார்டுக்குப் போகும்? காசு கொடுக்கும் முன் அதைப் பார்த்துவிடு.

கணக்கு எளிதுதான். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரும். 6 பின் கனெக்டர் 75, 8 பின் 150. ஆர்டிஎக்ஸ் 3060 எடுப்பது சுமார் 170 வாட். பெரும்பாலும் அதில் ஒரே ஒரு 8 பின்தான் இருக்கும். ஸ்லாட்டையும் சேர்த்தால் 225 வாட் ஆகிறது, தாராளம்.

இனி உன் பெட்டியைத் திற. பவர் சப்ளை ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிக்கு எதிரே உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்கு. கார்டும் பிராசசரும் பங்கு போட்டுக்கொள்வது அந்த வாட்டைத்தான். பிறகு கார்டின் 8 பின்னுக்கான, 6+2 என்று பிரியும் கேபிளைத் தேடு. 4+4 என்று பிரிவது பிராசசருக்கு உரியது. அதற்கும் எட்டுத் துளைதான், ஆனால் 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். தவறிச் செருகிவிடாதபடி துளைகளின் வடிவத்தையே மாற்றி வைத்திருக்கிறார்கள். அழுத்திப் பார்க்க வேண்டியிருந்தால் கையை எடுத்துவிடு.

6+2 இல்லையென்றால், 'சாட்டா அடாப்டர் போட்டுக்கலாம் தம்பி' என்பார்கள். வேண்டாம். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர்; மொத்தமே 54 வாட். அதனிடம் 75, 150 என்று கேட்டால் பிளாஸ்டிக் உருகும். நண்பனின் மாடுலர் கேபிளையும் கடன் வாங்காதே. கார்டு பக்கத்து முனை ஒன்றுபோல இருந்தாலும், பவர் சப்ளை பக்கத்து முனைக்குப் பொதுத் தரம் கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல், வயர் வரிசை மாறும்.

சரியான கேபிளானாலும் முழுதாகச் செருகு. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் 600 வாட் வரை தாங்கும் புதிய 16 பின் கனெக்டர் உருகியது. கனெக்டர் முழுதாக உள்ளே போகாததை என்விடியா முக்கியக் காரணமாகச் சொன்னது. மறு ஆண்டு வந்த திருத்தத்தில் நான்கு சிறு சென்ஸ் பின்களைக் குட்டையாக்கினார்கள். அரைகுறையாகச் செருகினால் அவை தொடாது, கார்டும் இயங்காது.

1972-இல் இன்டெல் பினாங்குக்கு வந்த நாளிலிருந்து நம் ஊரில் சிப் தொடாத குடும்பம் குறைவு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை லைனில் நின்ற உன் அம்மாவிடம் கேள். நிலைமின் சிப்பைக் கெடுத்துவிடும் என்று, கையில் எர்த் பட்டை கட்டாமல் போர்டைத் தொட விட்டிருக்க மாட்டார்கள். நீயும் சுவரில் சுவிட்சை அணைத்து, கேஸின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கு.

கடைக்குப் போகும்போது உன் கேபிள்களைப் படம் எடுத்துக்கொண்டு போ. 'இதில் எதைச் செருகுவீர்கள்?' என்று கேள். சாட்டாவைக் காட்டினால், முதலில் வாங்க வேண்டியது பவர் சப்ளை. கார்டு அடுத்த மாதம்.

அன்புடன்,
மாமா