மாதிரி விண்கப்பலும் அதன் விளக்குகளும்

விஞ்ஞானக் கற்பனைக் கதைகளில் வரும் விண்கப்பல்களைத் திரையிலே கண்டு வியக்காதவர் நம்மில் மிகச் சிலரே. அக்கப்பல்களின் சிறிய உருவங்களைப் பிளாஸ்டிக் துண்டுகளாக வார்த்துப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். துண்டுகளை ஒட்டி வண்ணம் தீட்டினால் கப்பல் உருவாகிவிடும். ஆனால் அதனுள்ளே விளக்கேற்றுவது தனிக் கலை. அதற்கு ஓவியனின் கண்ணும் வேண்டும். பௌதிக மாணவனின் கணக்கும் வேண்டும். அத்தகைய பெட்டி ஒன்றை விடுதி நண்பர் இருவருடன் பங்கிட்டு வாங்கி, நான் கட்டி விளக்கேற்றினேன். அம்முறையை நம் சங்கத்து மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூலக் கப்பல்

நான் எடுத்துக்கொண்டது ‘எண்டர்பிரைஸ்’ என்னும் கப்பல். 1966 செப்டம்பர் 8 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 79 பகுதிகளாக வெளிவந்த ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் கதாநாயகன் என்றே அதைச் சொல்லலாம். வடிவமைத்தவர் மாட் ஜெஃப்ரீஸ். வட்டமான தட்டுப் போன்ற முன்பகுதி, அதைத் தாங்கும் ஒரு கழுத்து, சுருட்டு வடிவான உடல், அவ்வுடலிலிருந்து எழும் இரு மெல்லிய தூண்கள், அவற்றின் உச்சியில் இரண்டு நீண்ட எஞ்சின் குழல்கள்: இதுவே அதன் உருவம்.

படப்பிடிப்புக்காகச் செய்த பெரிய மாதிரி 11 அடிக்குச் சற்று மிகுந்த நீளமுடையது. மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் உலோகத் தகட்டாலும் ஆனது. தொடக்கத்தில் அதில் விளக்குகள் இல்லை, பின்னரே பொருத்தினார்கள். மின்கம்பிகள் யாவும் இடப்பக்கமாக வெளியே வந்து தொங்கின. ஆகவே காமிரா எப்போதும் வலப்பக்கத்தையே நோக்க வேண்டியதாயிற்று! அம்மாதிரி 1974-இல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. 2016-இல் செப்பனிடப்பட்டு, அங்குள்ள விமான-விண்வெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் பார்வைக்கு வைக்கப்பட்டது.

வீட்டில் கட்டும் பெட்டியும் 1966-லேயே ஏ.எம்.டி. என்னும் கம்பெனியாரால் வெளியிடப்பட்டது. 1967-இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில், சிதைந்துபோன மற்றொரு கப்பல் தேவைப்பட்டபோது, அந்தக் கடைச்சரக்கையே கட்டி, 1701 என்ற எண்ணை 1017 என்று மாற்றி ஒட்டிப் படம் பிடித்தார்கள். மேசைமேல் கட்டும் பொருளுக்கும் திரையில் காணும் பொருளுக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

அளவுக்கேற்ற ஒளி

நான் கட்டியது 1/350 அளவுள்ள பெட்டி. கதைப்படி கப்பலின் நீளம் 289 மீட்டர். ஆகவே மாதிரியின் நீளம் ஏறத்தாழ 82 சென்டிமீட்டர். இதே விகிதத்தில் ஐந்தே முக்கால் அடி மனிதன் 5 மில்லிமீட்டர் உயரமே இருப்பான். அவன் எட்டிப் பார்க்கும் ஜன்னல் எவ்வளவு சிறியதாக இருக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

இங்கேதான் ஒரு முக்கியமான உண்மை இருக்கிறது. நீளத்தைக் குறைத்தவர்கள் ஒளியையும் குறைத்தாக வேண்டும். இரவிலே நம் விடுதியைத் தூரத்திலிருந்து பாருங்கள். ஜன்னல்கள் மங்கலான சிறு கட்டங்களாகவே தெரியும். எல்லா அறைகளிலும் விளக்கு எரியாது. எரிகின்றவற்றிலும் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று வெண்மையாகவும் இருக்கும். அந்த மங்கலிலிருந்துதான் கட்டடத்தின் பெருமையை நம் கண் உணர்ந்துகொள்கிறது. மாதிரிக் கப்பலின் ஜன்னல்கள் கண்ணைப் பறிக்கும்படி எரிந்தால், பெரிய கப்பல் என்ற எண்ணம் மறைந்து, பெட்டிக்குள் பல்பு வைத்த பொம்மை என்ற எண்ணமே தோன்றும். எனவே நான் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஜன்னல்களை உட்புறம் கறுப்பு பூசி இருட்டாகவே விட்டேன்.

முதலில் இருட்டு

விளக்கேற்றுவதற்கு முதல் வேலை இருட்டை உண்டாக்குவது என்றால் விந்தையாகத் தோன்றும். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் பார்ப்பதற்குக் கெட்டியாக இருந்தாலும் ஒளியைத் தடுக்காது. உள்ளே விளக்கை வைத்தால் கப்பல் முழுவதும் காகித விளக்கைப் போல ஒளிரும்.

ஆகவே துண்டுகளைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தியபின், உட்புறம் முழுவதும் கறுப்பு வண்ணம் இரண்டு முறை மெல்லியதாகப் பூசினேன். அது காய்ந்ததும் அதன்மேல் வெள்ளை. கறுப்பு ஒளியை வெளியேறாமல் தடுக்கிறது. வெள்ளை அதை உள்ளேயே பல திசைகளிலும் சிதறடித்து எல்லா ஜன்னல்களுக்கும் பகிர்ந்தளிக்கிறது. பின்னர் இருட்டறையில் உள்ளே ஒரு விளக்கை வைத்துச் சுற்றிலும் பார்த்து, ஒளி கசியும் இடங்களில் மீண்டும் கறுப்பு பூச வேண்டும். இரண்டு பாதிகள் சேரும் விளிம்பிலேதான் கசிவு மிகுதி. அங்கே அலுமினிய நாடாவை உட்புறமாக ஒட்டுவது நல்லது. அந்நாடா மின்சாரத்தைக் கடத்துமாதலால் திறந்த கம்பி எதுவும் அதைத் தொடலாகாது.

ஜன்னல்களுக்குரிய தெளிந்த துண்டுகளை வெளிவண்ணம் முடிந்தபின் உட்புறத்திலிருந்து வெள்ளைப் பசையால் ஒட்டினேன். உடனே ஒட்டும் சூப்பர் பசையை இங்கே பயன்படுத்தலாகாது. அதன் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கின்மேல் வெண்படலமாகப் படிந்துவிடும். மழைக்காலத்தில் லாக்கர் வண்ணமும் ஈரத்தால் வெண்மை பூக்குமாதலால், வெளிவண்ணத்தை நல்ல வெயில் நாளில் பூசுவது உத்தமம்.

மின்சாரக் கணக்கு

பழைய இழை பல்புகள் வெப்பம் மிகுந்தவை. பாலிஸ்டைரீனோ 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் இளகும். இன்று எல்.ஈ.டி. விளக்குகள் இக்கவலையைப் பெரிதும் நீக்கிவிட்டன. ஆயினும் அவற்றை மின்தடையின்றி நேரே இணைப்பது தவறு. மின்னழுத்தம் சிறிதே ஏறினாலும் எல்.ஈ.டி.யில் ஓடும் மின்னோட்டம் மிகப் பெரிதாக ஏறி, அது கெட்டுப்போகும்.

வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. நான் 12 வோல்ட் அடாப்டரை வைத்துக்கொண்டு, மும்மூன்று விளக்குகளைத் தொடராக இணைத்தேன். மூன்றுக்கும் 9 வோல்ட். மீதி 3 வோல்ட். மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர் போதும் என்று கொண்டால், ஓம் விதிப்படி 3-ஐ 0.01-ஆல் வகுக்க 300 ஓம் வரும். கடையில் எளிதாகக் கிடைப்பது 330 ஓம். அதைப் போட்டால் மின்னோட்டம் 9 மில்லி ஆம்பியர். மொத்தம் 36 விளக்குகள், 12 தொடர்கள். ஆக ஏறத்தாழ 110 மில்லி ஆம்பியர். 1 ஆம்பியர் அடாப்டருக்கு இது ஒரு சுமையே அன்று.

ஒவ்வொரு விளக்குக்கும் தனி மின்தடை போட்டால் என்ன என்று கேட்கலாம். அப்போது 12 வோல்ட்டில் 9 வோல்ட் மின்தடையிலேயே வெப்பமாக வீணாகும். தொடர் முறையில் வீணாவது 3 வோல்ட்தான். ஆனால் தொடர் முறைக்கும் ஒரு குறை உண்டு. ஒரு விளக்கில் இணைப்பு அறுந்தால் மூன்றும் அணையும். ஆகையால் ஒரு தொடரின் மூன்று விளக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையாமல், தட்டின் மூன்று வெவ்வேறு பகுதிகளில் வைத்தேன். ஒரு தொடர் செத்தாலும் பக்கத்து விளக்குகளின் ஒளி அங்கே பரவும். கப்பலில் இருண்ட திட்டு தோன்றாது.

சிமிட்டும் விளக்குகள்

இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்பது கடற்கப்பலுக்கும் விமானத்துக்கும் பொதுவான வழக்கம். எண்டர்பிரைஸும் அதையே பின்பற்றுகிறது. இவ்விளக்குகளைச் சிமிட்டச் செய்வதற்கு 555 என்னும் சிறு சில்லு போதும். ஹான்ஸ் காமென்சிண்ட் என்பவர் 1971-இல் வடிவமைத்த இச்சில்லு இன்றும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதனுடன் 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம் மின்தடைகளையும், 10 மைக்ரோ பாரட் மின்தேக்கியையும் சேர்த்தால், ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை விளக்கு சிமிட்டும். சிவப்பு எல்.ஈ.டி.க்கு 2 வோல்ட்டே வேண்டுமாதலால் அதற்கு 1000 ஓம் மின்தடை.

எஞ்சின் குழல்களின் முன்முனையில் சிவந்த அரைக்கோளம் ஒன்று உண்டு. அதனுள்ளே ஒளி சுழல்வதுபோல் தோன்ற வேண்டும். படப்பிடிப்பு மாதிரியில் மோட்டார் வைத்துச் சுழலும் தகடுகளையும், அவற்றின் பின்னே சிறு பல்புகளையும் அமைத்திருந்தார்கள். நான் மோட்டாருக்குப் பதிலாக 4017 என்னும் எண்ணும் சில்லைக் கொண்டு ஆறு விளக்குகளை வட்டமாக அடுக்கி ஒன்றன்பின் ஒன்றாக எரியச் செய்தேன். மின்தேக்கியை 1 மைக்ரோ பாரட்டாக மாற்றிய இன்னொரு 555 அதற்குத் தாளம் கொடுக்கிறது. அரைக்கோளத்தின் உட்புறத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கினால் தனித்தனிப் புள்ளிகள் மறைந்து ஒரே சுழற்சி தெரியும்.

கம்பி செல்லும் வழி

தட்டிலிருந்து வரும் கம்பிகள் கழுத்து வழியாகவும், குழல்களிலிருந்து வருபவை மெல்லிய தூண்கள் வழியாகவும் உடலுக்குள் வந்து, தாங்கியின் வழியே கீழே இறங்க வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்ட சாதாரணக் கம்பி தூணுக்குள் நுழையாது. மோட்டார் சுற்றுவதற்கு உதவும் எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பியே ஏற்றது. முனைகளில் மட்டும் எனாமலைச் சுரண்டிவிட்டு ஈயப்பற்று வைக்க வேண்டும். சால்டரிங் செய்வதைக் கப்பலுக்கு வெளியிலேயே முடித்துக்கொள்வது நலம். அதன் சூடான முனை ஒரு நொடி பட்டாலும் பிளாஸ்டிக் உருகிவிடும். பிளாஸ்டிக் பசையின் ஆவியும் சால்டரிங் புகையும் உடம்புக்குத் தீங்கு செய்வன. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். விடுதி அறையில் உறங்குகிறவர் பக்கத்தில் இவ்வேலை வேண்டாம்.

மூடுமுன் சோதனை

பிளாஸ்டிக் பசை, இரு துண்டுகளின் விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக இணைத்துவிடுகிறது. ஒட்டியபின் பிரிப்பதென்றால் உடைப்பதுதான். உள்ளே ஒரு பற்று தளர்ந்திருந்தால் பல வாரத்து உழைப்பும் இருண்டுபோகும். ஆகவே ஒவ்வொரு தொடரையும் மல்டிமீட்டரால் தனித்தனியே அளந்தேன். பின்பு எல்லாவற்றையும் இணைத்து, கப்பலை ஒட்டாமல் காகித நாடாவால் மட்டும் கட்டி, ஒரு நாள் முழுதும் எரியவிட்டேன். இடையிடையே தொட்டுப் பார்த்தேன். மெல்ல அசைத்தும் பார்த்தேன். அதற்குப் பிறகே பசைக்குப்பியைத் திறந்தேன். சில்லுகள் இரண்டு வகையையும் கப்பலுக்குள் வையாமல் அடிப்பீடத்தின் பெட்டிக்குள் வைத்தேன்; நாளை ஒன்று பழுதானால் கப்பலைத் தொடாமலே மாற்றிவிடலாம். பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழி இவ்வேலைக்கென்றே பிறந்தது போலும்.

இதனால் என்ன பயன்?

பரீட்சைக்கு உதவாத விளையாட்டு என்று சிலர் கருதலாம். ஓம் விதியை நான் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவன். ஆனால் 330 ஓம் என்ற எண்ணுக்கு ஒரு நிறமும் ஒளியும் உண்டு என்பது இங்கேதான் எனக்கு விளங்கிற்று. புத்தகத்தில் விடை பிழைத்தால் மதிப்பெண் குறையும். இங்கே பிழைத்தால் கப்பலின் ஒரு பக்கம் இருளும்.

பெட்டி வாங்க வசதியில்லாதோர் வருந்த வேண்டா. அட்டையால் ஒரு கப்பல் செய்து, மூன்று எல்.ஈ.டி., ஒரு மின்தடை, ஓர் அடாப்டர் ஆகியவற்றைக் கொண்டே தொடங்கலாம். உட்புறம் கறுப்பு, அதன்மேல் வெள்ளை, ஊசியால் குத்திய சில ஜன்னல்கள். இவ்வளவே முதற் பாடம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு அதை ஏற்றிப் பாருங்கள். அடுத்து எந்த ஜன்னலை மங்கலாக்க வேண்டும் என்பதை உங்கள் கண்ணே சொல்லிவிடும்.