டெட் பாஸ், வேலை எப்போது?

மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் சைதாப்பேட்டை. அங்கே இருக்கும் அரசு கல்வியியல் மேம்பாட்டு நிறுவனத்தின் வரலாறு 1856-இல் தொடங்குகிறது. பெண்களுக்குக் காமராஜர் சாலையில் லேடி வில்லிங்டன் கல்வியியல் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. இரண்டும் அரசு நிறுவனங்கள்; கட்டணமும் குறைவு. தனியார் கல்லூரியில் கடன் வாங்கி பி.எட். சேரும் முன் தென் சென்னைவாசிகள் இங்கே விண்ணப்பித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

அதற்கும் முன்னால், எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கப்போகிறோம் என்று முடிவாக வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை இடைநிலை ஆசிரியர்; பிளஸ் டூவுக்குப் பின் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு போதும். ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர், பட்டமும் பி.எட்.டும் தேவை. மேல்நிலை வகுப்பென்றால் முதுகலையும் பி.எட்.டும். பி.எட். கையில் இருந்தால் சின்ன வகுப்புக்கும் போய்விடலாம் என்ற நினைப்புக்கு 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. பட்டத்தின் பெயர் வழக்கத்துக்கு மாறாக இருந்தால், அது இணையானது என்று சொல்லும் அரசாணை உண்டா என்று சேரும் முன்பே பார்த்துவிட வேண்டும். பலர் இதைச் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில்தான் விசாரிக்கிறார்கள்.

அடுத்தது டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு. முதல் தாள் இடைநிலைக்கு, இரண்டாம் தாள் பட்டதாரிக்கு. 150 கேள்வி, மூன்று மணி நேரம். 2012 ஜூலையில் முதன்முதலாக நடந்தபோது ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, தேறியவர்கள் 2,448 பேர். அக்டோபரில் மறுதேர்வு வைக்கும்படி ஆயிற்று. இப்போது ஒருமுறை தேறினால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். தேர்ச்சி மதிப்பெண் பிரிவுக்குப் பிரிவு மாறும், அதை அறிவிக்கையில் பார்ப்பதே நல்லது.

டெட் பாஸ் என்றதும் வீட்டில் இனிப்பு வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அது தகுதிதான், வேலை அல்ல. 2018-இல் வந்த அரசாணை 149-இன்படி, தேறியவர்கள் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் நியமனத் தேர்வையும் எழுத வேண்டும். கட்டாயத் தமிழ்த் தாளில் 50-க்கு 20 எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். பட்டதாரி ஆசிரியர்களுக்கு 2024 பிப்ரவரியிலும், இடைநிலை ஆசிரியர்களுக்கு அதே ஆண்டு ஜூலையிலும் இத்தேர்வு நடந்தது. டெட்டுக்கும் இதற்கும் இடையே வருடங்கள் ஓடிவிடலாம். அந்த இடைவெளியில் சமச்சீர் புத்தகங்களை விடாமல் புரட்டியவருக்கே கட் ஆஃப் எட்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. அடையாறுக்காரர்களுக்கு இதைவிடச் செலவில்லாத பயிற்சி மையம் கிடையாது.

முதுகலை ஆசிரியர் நியமனத்துக்கு டெட் கேட்பதில்லை. பாடத்தில் 110, கல்வியியலில் 30, பொது அறிவில் 10 கேள்விகள். எம்.ஏ., எம்.எஸ்ஸி. முடித்தவர்கள் முதலில் குறிவைக்க வேண்டியது இதைத்தான்.

சம்பளம்? அடிப்படை ஊதியம் இடைநிலைக்கு 20,600 ரூபாயிலும், பட்டதாரிக்கு 36,400-இலும், முதுகலைக்கு 36,900-இலும் தொடங்குகிறது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. முதல் இரண்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் சாதாரணமல்ல. 2009 ஜூனுக்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு 2018 டிசம்பரில் டி.பி.ஐ. எனப்பட்ட பள்ளிக் கல்வி இயக்குநரக வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தது, தங்களுக்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களோடு இருந்த ஊதிய முரண்பாட்டால். பதவி உயர்வில் தலைமை ஆசிரியர் வரை போகலாம். ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்புக்குப் பின், பணியில் இருப்பவர்களுக்கும் பதவி உயர்வுக்கு டெட் வேண்டும்.

முதல் பணியிடமே மயிலாப்பூரில் கிடைக்கும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். வெளி மாவட்டத்தில் சேர்ந்து, இடமாறுதல் கலந்தாய்வுக்குக் காத்திருப்பதே வழக்கம். ஊரைவிட்டுப் போக முடியாதவர்கள் தி. நகர் ராமகிருஷ்ணா மிஷன் பள்ளிகள், மயிலாப்பூர் பி.எஸ். மேல்நிலைப் பள்ளி போன்ற உதவிபெறும் பள்ளிகளின் விளம்பரங்களைக் கவனிக்கலாம். அரசு அனுமதித்த பணியிடமாக இருந்தால், ஆளை எடுப்பது நிர்வாகம், சம்பளம் கொடுப்பது அரசு. பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக வேலையும் உண்டு. இடைநிலைக்கு 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000 ரூபாய். வகுப்பறை பழகும், ஆனால் அந்த வேலை தானாக நிரந்தரம் ஆகாது.